மணப்பந்தலிலிருந்து மலை ரயில் வரை

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். நாம் பெரும் புலவரல்லோம். மெட்ரிக் தேறிய கையோடு ரயில்வேயில் சேர்ந்து, கோப்புகளோடும் பயணச் சீட்டுகளோடும் காலங் கழிப்பவர். ஆயினும் நாகபுரியிலுள்ள நம் காலனியில் ஆண்டுதோறும் நான்கைந்து திருமணங்கள் நிச்சயமாகின்றன. நிச்சயமான மறுநாளே பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ நம் வாயிலுக்கு வந்து, “ஊருக்கு அறுபது டிக்கட் வேண்டுமே, என்ன செய்யலாம்?” என்று கேட்பது வழக்கம். அண்மையில் வந்த ஓர் இளைஞரோ வேறு விதமாகக் கேட்டார்: “அண்ணா, கல்யாணத்துக்கு அறுபது டிக்கட் அப்பா பார்த்துக்கொள்வார். எனக்கு இரண்டே டிக்கட் வேண்டும், ஊட்டிக்கு.” அருகிலிருந்த அவருடைய பாட்டியார், “இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டியார் கூறியது முற்றும் சரிதானா? திருமணத்தைத் திட்டமிடுவதும், மணந்த இருவர் தமக்கென்று சில நாள் ஒதுக்கி மகிழ்ந்திருப்பதும் நமக்குப் புதியனவா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பழந்தமிழர் மணம்

அகநானூற்றில் 86ஆம் பாடலும் 136ஆம் பாடலும் திருமண நிகழ்ச்சியை விரித்துரைப்பன. முன்னதைப் பாடியவர் நல்லாவூர் கிழார். பின்னதைப் பாடியவர் விற்றூற்று மூதெயினனார். பந்தலிட்டுப் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, உளுந்து கலந்து சமைத்த உணவை உற்றார்க்கு வழங்கி, நல்ல நாள் சேர்ந்த விடியற் பொழுதில், மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துவதை 86ஆம் பாட்டிற் காண்கிறோம். இவ்விரு பாடல்களிலும் தீ வலம் வருதல் கூறப்படவில்லை என்பதை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

நாம் இங்கே நோக்க வேண்டுவது வேறொன்று. அவ்விரு பாடல்களும் சடங்கோடு முடியவில்லை. உறவினர் விலகிய பின், மணமக்கள் முதன்முதல் தனித்திருந்த அந்த இரவில், நாணத்தால் ஆடையுள் ஒடுங்கிய பெண்ணிடம் கணவன் பரிவோடு பேச முற்பட்டதையும் அவை கூறுகின்றன. கணவனே பிற்காலத்தில் அந்நாளை நினைந்து சொல்வதாக அமைந்தவை அவை. ஊர் கூடி உண்ட விருந்தைவிட, இருவர் மனம் திறந்த பொழுதே அவன் நெஞ்சில் நின்றது போலும்.

சிலப்பதிகாரத்திற்கு வருவோம். கோவலனுக்கு அகவை பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு. மங்கல வாழ்த்துப் பாடலில் அவர்கள் திருமணம் சிறப்புற நடைபெறுகிறது. அடுத்து வரும் மனையறம் படுத்த காதையில், கோவலனுடைய தாய் மணமக்களுக்கெனத் தனி இல்லமும் பொருளும் அளித்து, அவர்கள் தாமே இல்லறம் நடத்தக் கண்டு மகிழ்கிறாள். மாமியாரே தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்த செய்தி இது! பின்னர்க் கோவலன் பொருளையெல்லாம் இழந்து, சிலம்பொன்றே எஞ்ச, மதுரைக்கு நடந்த கதையை நாம் அறிவோம். இன்ப வாழ்வுக்கு இடமளித்தல் வேறு. அதனைக் காத்துக்கொள்ளும் திட்டம் வேறு. இரண்டும் வேண்டும் என்பதை அக்காப்பியமே நமக்கு உணர்த்துகிறது எனலாம்.

இருண்ட காலமும் சட்டங்களும்

பிற்காலத்தில் நாடெங்கும் குழந்தை மணம் வேரூன்றியது. பொம்மை வைத்து விளையாடும் வயதில் தாலி ஏறியது. அங்கே மணமக்களின் இன்ப வாழ்வு என்ற பேச்சுக்கே இடமேது? விளையாட்டுத் தோழியைத் தேடும் சிறுமிக்குக் கணவன் யார், வாழ்க்கை யாது என்று எங்ஙனம் தெரியும்?

நாம் வாழும் இந்த மகாராட்டிரத்தில் தோன்றிய ருக்மாபாய் என்னும் பெண்மணியை நம் காலனிப் பெண்கள் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட அவர், வளர்ந்த பின் கணவர் வீட்டுக்குச் செல்ல மறுத்தார். 1884இல் கணவர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கணவரிடம் செல், இல்லையேல் சிறைக்குச் செல் என்ற நிலை 1887இல் வந்தது. சிறையே மேல் என்றார் அவர். 1888இல் பொருள் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. அதன்பின் அவர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, திரும்பி வந்து மருத்துவராகத் தொண்டாற்றினார்.

அவ்வழக்கு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1891இல் சம்மத வயதுச் சட்டம் பிறந்தது. ஹர் பிலாஸ் சாரதா முயற்சியால் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டமே சாரதா சட்டம். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அது வயது வரம்பு விதித்தது. சட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று நாட்டின் பல பகுதிகளில் அவசர அவசரமாகக் குழந்தை மணங்கள் நடைபெற்றன. 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கே அதற்குச் சான்று பகர்கிறது. நல்ல சட்டமும் மக்கள் மனம் மாறாவிடில் எத்துணை மெல்ல நடக்கிறது, பாருங்கள்! 1978இல் செய்த திருத்தத்தால் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வரம்பு வந்தது.

நம் நாகபுரிக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. இந்நகரில் வழக்குரைஞராயிருந்த ஹரி சிங் கௌர், சமயத்தைத் துறக்காமலே சாதி கடந்து இந்துக்கள் பதிவு மணம் செய்துகொள்ள 1923இல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தார். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு முன் மணம் செய்ய விரும்பியோர், தாம் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லர் என்று கூற வேண்டியிருந்தது. பின்னர் 1954இல் தனித் திருமணச் சட்டமும், 1955இல் இந்து திருமணச் சட்டமும் வந்தன. தமிழகத்தில் பெரியார் வளர்த்த சுயமரியாதைத் திருமணத்துக்கு, 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்ட ஏற்பு வழங்கும் திருத்தம் நிறைவேறியது. மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாக உறவினர் முன் உரைத்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதே அங்குத் திருமணமாயிற்று.

இச்சட்டங்களின் பட்டியலை ஏன் கூறினோம்? மணமக்கள் இன்று ஒன்றாக அமர்ந்து, எங்கே மணப்பது, எவ்வளவு செலவிடுவது, எங்கே செல்வது என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இடம் உண்டாக நூறாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைவூட்டவே.

புகைவண்டி செய்த மாறுதல்

இனி நமக்கு உரிய துறைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அதற்கு முன் மணமகன் வீட்டார் மாட்டு வண்டிகளில் புறப்பட்டுப் பல நாள் பயணம் செய்து பெண் வீட்டை அடைய வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்தவர்கள் மறுநாளே திரும்புவரோ? பல சமூகங்களில் மூன்று நாள், ஐந்து நாள் என்று திருமணம் நீண்டதற்குச் சாத்திரம் ஒரு காரணமாயின், சாலை மற்றொரு காரணம் என்பது நம் கருத்து.

அந்த நீண்ட நாட்களும் வீண் போகவில்லை. ஊஞ்சலும், நலங்கும், தேங்காய் உருட்டலும், அப்பளம் உடைத்தலும் யாதின் பொருட்டு? முன்பின் அறியாத இருவர் சிரித்துப் பழகுவதற்கே! மணம் முடிந்தபின் உறவினர் வீடுதோறும் விருந்துண்ணச் செல்வதும், மறுவீடு போவதும், தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் சீராட்டப் பெறுவதும் அவ்வகையினவே. தேனிலவு என்ற சொல் நம்மிடம் இல்லாதிருந்திருக்கலாம். அதன் பயனை நம் முன்னோர் அறியாதவரல்லர்.

புகைவண்டிப் பாதைகள் பெருகின. அலுவலகத்தில் விடுப்போ நான்கு நாள்; வண்டியோ ஒரே இரவில் கொண்டு சேர்க்கிறது. திருமணம் இரண்டு நாளாயிற்று. பிறகு ஒரு நாளாயிற்று. இன்று ஒரு வேளையாகவும் ஆயிற்று. நலங்கு சுருங்கிற்று, மறுவீடும் ஒரு சடங்காய்த் தேய்ந்தது. மணமக்கள் பழகுவதற்கு நம் முன்னோர் வைத்திருந்த நாட்களைப் புகைவண்டி எடுத்துக்கொண்டது. ஆனால், எடுத்துக்கொண்டதை அதுவே வேறு வழியாகத் திருப்பியும் தந்தது. அதுதான் மலை ரயில்!

நம்மைப் போல் வடக்கே குடியேறிய தமிழர்க்கு 1929ஆம் ஆண்டு மறக்கலாகாத ஆண்டு. காஜிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே பாதை நிறைவுற்று, தில்லியும் நாகபுரியும் சென்னையோடு நேராக இணைந்தன. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டே. நம் பெரியோர் மூன்றாம் வகுப்புப் பலகையில் அமர்ந்து, கட்டுச்சோற்று மூட்டையும், கூஜாவும், பட்டுப் புடவைப் பெட்டியுமாய்ச் சென்னை வரை ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர் சென்று பெண்ணெடுத்து வந்தனர். அந்த மூன்றாம் வகுப்பு 1974இல் நீங்கிற்று. கூஜாவும் நீங்கிற்று. கட்டுச்சோறு மட்டும் நீங்கவில்லை, நீங்கவும் வேண்டா!

மலைமேல் தேனிலவு

மலை வாழிடங்கள் வெள்ளையர் தம் உடல் நலத்துக்காக அமைத்துக்கொண்டவை. கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிச் சென்று, பின்னர் உதகையில் வீடு கட்டிக் குடியேறினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் மலை ரயில் திறக்கப்பட்டது. 1908இல் அது உதகையை எட்டியது. 46 கிலோமீட்டர்ப் பயணத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு அது ஏறுகிறது. செங்குத்தான பகுதியில் சக்கரம் வழுக்காதிருக்க, தண்டவாளங்களின் நடுவே பல்லுள்ள இருப்புப் பட்டை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறும்படி செய்தனர். டார்ஜிலிங் மலை ரயில் 1881இலும், கால்கா–சிம்லா ரயில் 1903இலும், நம் மாநிலத்து மாதேரான் ரயில் 1907இலும் ஓடத் தொடங்கின. டார்ஜிலிங்கை 1999இலும், நீலகிரியை 2005இலும், கால்கா–சிம்லாவை 2008இலும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

விடுதலைக்குப் பின் அந்த மலைகள் நம்முடையவாயின. 1956இல் மைய அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை வந்தது. 1961இல் இயக்குநர் ஸ்ரீதர், ‘தேனிலவு’ என்ற பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்த அப்படத்தின் பெரும்பகுதி காசுமீரத்தில் எடுக்கப்பட்டது. தால் ஏரியைத் திரையிற் கண்ட தமிழ் இளைஞர்க்கு அச்சொல் வீட்டுச் சொல்லாயிற்று. ஆகவே, சொல் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆயின் தேவை நம்முள்ளே இருந்தது.

நம் கதை

பிறர்க்கு உரைக்குமுன் நம் பிழையையும் சொல்லிவிடுதல் முறை. நம் திருமணம் 2007ஆம் ஆண்டு தை மாதத்தில் சொந்த ஊரில் நடைபெற்றது. ஊரார் மெச்ச வேண்டும் என்ற ஆசையால், சேமநல நிதியில் முன்பணம் எடுத்தோம். போதாமல் வெளியிலும் கடன் வாங்கினோம். மூன்று வேளைப் பந்தி, இரட்டை நாகசுரம், மின் விளக்குத் தோரணம்! எல்லாம் இருந்தன. திரும்பி வந்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ரயில்வே பாஸில் நம் பெயரோடு மனைவியின் பெயரும் சேர்ந்த அன்று, அவள் அதனைப் பலமுறை படித்துப் பார்த்து, “ஏங்க, இதை வைத்து ஊட்டிக்குப் போகலாமா?” என்று கேட்டாள். பயணம் இலவசந்தான், தங்கும் அறைக்கும் உணவுக்கும் கையில் காசில்லை. “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்றோம்.

கடன் தீர 2013 ஆயிற்று. 2014இல்தான் உதகைக்குப் போனோம், இரண்டு குழந்தைகளோடு. குன்னூரில் வண்டி நின்றபோது சிறியவன் அழ, பெரியவள் பசியென்ன, நம் மனைவி சிரித்துக்கொண்டே, “இது தேனிலவு அல்ல, பள்ளிக்கூடச் சுற்றுலா” என்றாள். நாமும் சிரித்தோம். ஆனால் ஏழாண்டுகளுக்கு முன் அவள் கேட்ட குரல் அப்பொழுது காதில் ஒலித்தது. அன்று வந்த விருந்தினருள் பந்தியில் என்ன பாயசம் பரிமாறப்பட்டது என்று நினைவு வைத்திருப்பவர் ஒருவருமிலர். அவள் மட்டும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

2020இல் ஒரு திருமணம்

நம் எதிர் வீட்டு அண்ணாச்சியின் மகளுக்கு 2020 வைகாசியில் திருநெல்வேலியில் திருமணம் என்று நிச்சயமாகியிருந்தது. மண்டபம், சமையல், பயணச் சீட்டு எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பயணிகள் வண்டிகள் நின்றன. திருமணங்களுக்கு ஐம்பது பேருக்குமேல் கூடலாகாது என்று மே மாதத்தில் ஆணை வந்தது.

அண்ணாச்சி நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, “தம்பி, எண்ணூறு பேருக்குப் பத்திரிகை அடித்தேன். ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம் பண்ணினால் ஊரில் தலை காட்ட முடியுமா?” என்று கண்கலங்கினார். உள்ளே நின்ற மகள் வெளியே வந்து, “அப்பா, எனக்கு ஐம்பது பேர் போதும். நீங்களும் அம்மாவும் இருந்தால் போதும்” என்றாள். அச்சொல் அவரைத் தேற்றியது.

ஆவணியில், இந்நகரிலேயே, காலனிக் கூடத்தில் மணம் நடந்தது. மணமகன் இங்கேயே பணிபுரிபவர். சிறப்பு வண்டியில் அவருடைய பெற்றோர் மட்டும் வந்தனர். காலனிப் பெண்டிர் சமைத்தனர். நாகசுரம் கைப்பேசியில் ஒலித்தது. நெல்லை உறவினர் கைப்பேசி வழியாகவே அட்சதை தூவினர். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. ஆயினும் எஞ்சிய தொகையை அண்ணாச்சி மகள் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் சேர்த்து வங்கியில் இட்டார். 2022 கோடையில் அவ்விருவரும் நீலகிரி மலை ரயிலில் சென்று எடுத்த படத்தை நம்மிடம் காட்டினர். கடனின்றிச் சிரிக்கும் முகங்கள் அவை! நம் மனைவி அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நடைமுறைக் குறிப்புகள்

வரலாறு பயன்பட வேண்டுமாயின் நடைமுறைக்கு வர வேண்டும். ஆகவே மணமக்களுக்கும் பெற்றோர்க்கும் சில சொல்வோம்.

நாள் குறிக்கும்போதே வண்டியையும் நினையுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் தெற்கு நோக்கும் வண்டிகள் நிரம்பி வழியும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துள்ளது. ஒரு படிவத்தில் ஆறு பேர்க்கே இடம் கேட்கலாம். திருமணக் குழுவாகப் பதிந்தவர்களில் சிலர் வர இயலாதுபோனால், குழுத் தலைவர் வண்டி புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்னதாக எழுதிக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கினர்க்கு மேற்படாமல் பெயர் மாற்றிக்கொள்ளலாம். இவ்விதி பலர்க்குத் தெரிவதில்லை. தேனிலவு செல்வோர் குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர்க்கான ‘கூபே’ அறையைக் கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது உறுதியன்று.

திருமணத்தைப் பதிவு செய்யத் தவறாதீர். எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006இல் கூறியது. மகாராட்டிரத்தில் 1998ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் உண்டு.

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்றி, மகளை மதித்தும் அதனை விலக்குங்கள்.

செலவுத் திட்டம் எழுதும்போது, முதல் வரியிலேயே மணமக்களுக்கென ஒரு தொகையை எழுதிவிடுங்கள். பந்தலும் பந்தியும் அதன்பின் வரட்டும். தொலைவு செல்ல இயலாதோர்க்கு நம் அருகிலேயே பச்மரி இருக்கிறது. பிப்பரியா நிலையத்தில் இறங்கி மலையேறலாம். உதகைதான் வேண்டுமென்பதில்லை. இருவர் சேர்ந்து நடந்து, சேர்ந்து வழி கேட்டு, சேர்ந்து பசித்து உண்ணும் நான்கு நாளே வேண்டுவது.

இவ்வளவும் கேட்ட பின், அந்த இளைஞரின் பாட்டியாரிடம் கண்ணகிக்கு மாமியார் வைத்துக் கொடுத்த தனிக்குடித்தனத்தைப் பற்றிக் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், தம் பேரனை அழைத்து, “மலையில் குளிருமாமே, அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு போ” என்றார். இரண்டு பயணச் சீட்டுகளுக்கும் நாமே படிவம் எழுதிக் கொடுத்தோம்.

நம் காலனியில் இனி மணம் காணும் இல்லங்கள் யாவும் கடனின்றி விளங்குக! மணமக்கள் நீடு வாழ்க! சங்கம் வளர்க!